அசாயிக் கிண்ணத்தில் மாம்பழம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு பத்திரிகையிலிருந்து அழைத்து, "நீங்கதான் பிரேசில்ல இருக்கீங்களே மேடம், வீட்லயே செய்யற ஹெல்தியான ஸ்மூத்தி கிண்ணம் ஒண்ணு எழுதிக் குடுங்க. மேல பழமெல்லாம் அடுக்கி, பாக்க அழகா இருக்கணும்" என்றார்கள். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் பெலேம். இங்கே அசாயி என்ற ஊதாப் பனம்பழத்தின் கூழ்தான் மதியச் சாப்பாடு. கெட்டியாக, சர்க்கரை போடாமல், வறுத்த மரவள்ளிக் குருணையும் பொரித்த மீனும் வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். அதன் தலையில் வாழைப்பழத்தையும் தேனையும் கொட்டி, ஆரோக்கியம் என்று பெயர் வைத்தது யார்?

2

முதல் வரி: "உறையவைத்த வாழைப்பழம் இரண்டு எடுத்துக்

[அடித்துவிட்டேன். கை கூசியது.]

அடுத்த முயற்சி: "அமேசான் காட்டின் ஊதா அமுதமாம்

[வெட்கக்கேடு.]

மறுபடி: "ஞாயிற்றுக்கிழமை காலை, என் நாத்தனார் ஒஸ்மரினாவின் சமையலறையில் ஒருவன் மிக்சியை ஓட்டினான்." இது நிற்கட்டும்.

3

அவன் பெயர் காயோ. தெற்கே சாவ் பாவ்லோ நகரத்துக்காரன்; அங்கே அசாயி என்றால் இனிப்புதான். ஒஸ்மரினாவின் மகள் ஜுசிலேனியைப் பெண் கேட்டு வந்திருந்தான். வருங்கால மாமியாரின் மனதைப் பிடிக்க நினைத்து, மதியத்துக்கு வாங்கி வைத்திருந்த அசாயி முழுவதையும் மிக்சியில் ஊற்றினான். வாழைப்பழமும் தேனும் சேர்த்து அடித்து, மேலே மாம்பழத் துண்டுகளை விசிறி போல அடுக்கி, மேசையில் வைத்தான்.

(அடிக்குறிப்பு: அசாயியோடு மாம்பழம் சேர்ந்தால் ஆள் காலி என்பது இங்கே பலருக்கும் உள்ள நம்பிக்கை. படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஒருவரும் சேர்த்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.)

"என்னடா இது?" என்றாள் ஒஸ்மரினா.

"காலை டிபன், அத்தை. உடம்புக்கு ரொம்ப நல்லது."

"யாருக்கு யாருடா அத்தை? பொண்ணு கேக்க வந்தியா, என்னைப் பொதைக்க வந்தியா? மாம்பழம்! ஏண்டி, இவனுக்கா உன்னைக் குடுக்கணும்?"

"அவனுக்குத் தெரியாதும்மா," என்றாள் ஜுசிலேனி.

"தெரியாதவனுக்கு அடுப்படில என்ன வேலை? மீன் இருக்கு, குருணை இருக்கு. அசாயி எங்கடி? இந்தக் கல்யாணம் வேண்டாம்!"

4

இந்த இடத்தில் எனக்குக் காயோமேல் சந்தேகம். இத்தனை அப்பாவியாக ஒருவன் இருப்பானா? மாம்பழத்தை ஸ்ட்ராபெரி ஆக்கிப் பார்த்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது. ஆகவே மாம்பழமே இருக்கட்டும், கொஞ்சம் ரோஷத்தை அவனுக்குச் சேர்த்துக்கொடுத்தேன்.

"விஷம்னா நானே சாப்பிடறேன்" என்று கிண்ணத்தை இழுத்து, ஒரு சொட்டு விடாமல் வழித்துத் தின்றான்.

ஒஸ்மரினாவின் முகம் [வேண்டாம், முகத்தை வர்ணிக்கப் போவதில்லை]. கத்தினாள்: "துப்புடா! பாவி, துப்பித் தொலைடா!"

5

அசாயி சாப்பிட்டால் கண் சொக்கும். காயோவுக்கு அதுவும் தெரியாது. கூடத்துத் துணி ஊஞ்சலில் சாய்ந்தவன் அப்படியே அசந்துபோனான். ஒஸ்மரினா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

ஜுசிலேனிக்குச் சிரிப்பு. "தூங்கறான்மா."

"சிரிக்காதடி. தூங்கறவனும் இப்படித்தான் கெடப்பான், போனவனும் இப்படித்தான் கெடப்பான்."

"நீதானே இவன் வேண்டாம்னே?"

"வேண்டாம்னேன். சாகட்டும்னா சொன்னேன்?"

அவன் மணிக்கட்டைப் பிடித்தவள் மதியம் தாண்டியும் விடவில்லை. மீன் பொரிக்க எழவில்லை, ஜுசிலேனியையும் சாப்பிட வந்திருந்த என்னையும் அடுப்படிப் பக்கம் விடவில்லை. எனக்குப் பசி. அந்தப் பத்திரிகைமேல் இன்னும் கோபம் வந்தது.

6

முடிவுகளுக்குக் குறைவில்லை.

அவன் செத்துப்போகிறான். சீ!

அவன் விழித்து மன்னிப்புக் கேட்கிறான், ஒஸ்மரினா அவனைக் கட்டியணைத்துக்கொள்கிறாள். பத்திரிகைக்குப் பிடிக்கும். அதற்காகவே எழுத மாட்டேன்.

அவன் விழித்ததும் அவள் கையை எடுத்துவிட்டுப் பழையபடி

[இதை முடிக்க மனம் வரவில்லை.]

அவன் கண் திறந்தால், கல்யாணம் உண்டா இல்லையா என்று ஒஸ்மரினா பதில் சொல்லியாக வேண்டும். ஜுசிலேனி இப்போது சிரிக்கவில்லை. "எழுப்புங்க மாமி" என்கிறாள் என்னிடம். என்னால் ஆகாது. கதை வேண்டுமென்று இதுவரை வந்தவர் நீங்கள், நீங்களே எழுப்புங்கள். கொஞ்சம் மெதுவாக. அவன் மணிக்கட்டு இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது.