விருந்தாளியாய் வந்த மூத்தவன்

அம்மாவின் கல்லறைக் கல் ஆறு வருடமாக அவள் கட்டிலிலேயே, வெள்ளை விரிப்புக்கு அடியில் கிடந்தது. கரீபியன் கடலில் உள்ள கேரியக்கூ தீவில் பிள்ளைகள் எல்லாரும் கூடாமல் கல்லை நடுவதில்லை. மூத்த பிள்ளைதான் முதலில் கை வைக்க வேண்டும். அதுவரை செத்தவருக்கு உறக்கமில்லை. மூத்தவன் ஆல்ரிக் டொரொண்டோவில் இருந்தான், அடக்கத்துக்கும் வரவில்லை. தங்கை வெர்லின் ஆரம்பத்தில் போனில் கேட்டுப் பார்த்தாள். நச்சரிப்பது போலாகிவிடுமோ என்று பிறகு விட்டுவிட்டாள்.

இப்போது அவனே புதன்கிழமை வருகிறேன், படகுத்துறைக்கு வா என்றான். கல் நடத்தான் வருகிறான் என்று நினைத்து அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கல் நடும் விருந்துக்கு ஆடு அறுத்தாள். முரசடிப்பவர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். சித்தி எசில் காலையிலேயே அடுப்பு மூட்டிச் சோளமாவு கிண்டத் தொடங்கிவிட்டாள்.

வெர்லின் சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டுபவள். தினமும் நிற்கும் இடத்திலேயே அண்ணனுக்காகவும் நின்றாள். உல்லாசக் கப்பலிலிருந்து வந்த சின்னப் படகில், அரைக்கால்சட்டையும் வெயில் தொப்பியுமாக மனைவியோடு இறங்கினான் அவன்.

“பெட்டி எங்கண்ணா?”

“கப்பல்லதான் இருக்கு. சாயங்காலம் திரும்பிடணும். மார்சியா இப்பத்தான் முதல் தடவையா வர்றா. ஊரைச் சுத்திக் காட்டேன்.”

வெர்லின் விருந்தை ராத்திரிக்குத்தான் வைத்திருந்தாள். இருந்தாலும் நேராக வீட்டுக்குப் போனால் பகலிலேயே கல்லை நட்டுவிடலாம், சித்தி திட்டுவாள், பிறகு சமாதானமாவாள் என்று கணக்குப் போட்டபடி மேட்டுச் சாலையில் வேனைத் திருப்பினாள்.

பாதி வழியில் ஆல்ரிக் நிறுத்தச் சொன்னான்.

“மார்சியா, அதோ அந்தப் பச்சை வீடு. அங்கதான் நான் பொறந்தேன். புயல்ல கூட ஒண்ணும் ஆகல, அப்படியே இருக்கு.”

அது பெடோ வாத்தியாரின் வீடு. புயலுக்குப் பிறகு கட்டியது. இவர்கள் வீடு வளைவுக்கு அப்பால் மேலே இருந்தது. கூரை பறந்துபோனதை அவள் போனில் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

இறங்கிப் பார்க்கிறாயா என்று கேட்டாள். வேண்டாம், தாங்க மாட்டேன் என்றான். அவன் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. மார்சியா அவன் கையைத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பெண்ணின் முன்னால் எப்படிச் சொல்வது? மேலே யாரோ முரசைத் தட்டிச் சுருதி பார்த்தார்கள்.

“எங்கயோ விசேஷம் போல.”

“ஆமாண்ணா.”

ஆல்ரிக் குரலை இறக்கிக் கேட்டான். “அம்மா கல்லு… நட்டாச்சுல்ல?”

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அடி வாங்கப் போகிறவனின் முகம்.

“நட்டாச்சு. நல்லபடியா நடந்துச்சு.”

அவன் மூச்சு விட்டான். அவள் வண்டியைக் கீழே திருப்பினாள். கடற்கரை, சங்கு பொறுக்கும் இடம், படகு கட்டும் கொட்டகை என்று எல்லாருக்கும் காட்டுவதை, எல்லாரிடமும் பேசும் குரலிலேயே காட்டினாள். படகேறும்போது அவன் அவளைக் கட்டிக்கொண்டான். அடுத்த முறை நிறைய நாள் தங்குவானாம்.

வீட்டு முற்றத்தில் கரண்டியும் கையுமாக நின்றாள் சித்தி. “எங்கடி கனடா துரை? இன்னும் சட்டை மாத்தி முடியலையா?”

வெர்லின் உள்ளே போய் விரிப்பை எடுத்தாள். கல்லின் தலைப்பக்கத்தைப் பிடித்தாள். பின்னாலேயே வந்த சித்தி பதறினாள்.

“மூத்தவன் கை வைக்காம எப்படிடி?”

“நட்டாச்சுன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன் சித்தி. இனிமே நடாம இருக்க முடியாது.”

சித்தி கரண்டியைக் கீழே வைத்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள்.