இந்த ஊரில் சாக மாட்டேன்

'மட் மியூல்' பேண்டின் முதல் ஆல்பத்தை வாங்க நாற்பது பேர் வந்தால் அதிகம் என்றுதான் கார்வின் பிட்மன் நினைத்திருந்தான். பாட்டும் கிதாரும் அவன். டிரம்ஸ் அவனுடைய சித்தப்பா மகன் டெல்மர். இருவருக்கும் பிழைப்பு கோழி ஆலையில். பாட்டெல்லாம் டிராக்டர் உருண்டு விழுந்ததுபோல ஒரே கனத்த இரைச்சல். கடைசிப் பாட்டில் மட்டும் கார்வின் மனதில் இருந்ததை ஒளிக்காமல் கொட்டியிருந்தான். 'இந்த ஊரில் சாக மாட்டேன்' என்பது அதன் பல்லவி.

தவளை தன் வாயால் கெடும். அந்தப் பாட்டு ஊருக்குப் பிடித்துவிட்டது. அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் பள்ளிக் கால்பந்துதான் இரண்டாவது மதம். முதலாவது எது என்பதில் சிலருக்குச் சந்தேகமும் உண்டு. எதிரணி முன்னேறும்போதெல்லாம் மைதானமே எழுந்து நின்று 'இந்த ஊரில் சாக மாட்டேன்' என்று கத்தியது. மேயர் கைதட்டினார். பாதிரியார்கூடத் தலையாட்டினார். வரிகளை ஒருத்தரும் கேட்கவில்லையே என்று கார்வின் பல்லைக் கடித்தான்.

ஒரு மணி நேரத் தூரத்திலிருந்த பர்மிங்ஹாம் நகரில் ஒரு பெரிய பேண்ட் மட்டும் வரிகளைக் கேட்டிருந்தது. எட்டு மாதச் சுற்றுப்பயணத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அங்கிருந்து வேன் கிளம்பும். வராவிட்டால் வேறு ஆள். முப்பத்தாறு வயதில் இன்னொரு அழைப்பு வராது என்று அவனுக்குத் தெரியும்.

அதே சனிக்கிழமைதான் பள்ளியின் பழைய மாணவர் ஊர்வலம். அதில் 'மட் மியூல்' வாசிக்க வேண்டும். பதினொன்றுக்குள் முடிந்துவிடும் என்றார்கள். இவனும் நம்பினான்.

இப்போது மணி பன்னிரண்டே முக்கால். அவர்கள் ஏறி நின்று வாசித்த டிரெய்லர் வண்டி கோர்ட்டுக் கட்டடத்தை மூன்றாவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் பள்ளி வாத்தியக் குழு, பின்னால் தீயணைப்பு வண்டி, நடுவில் இவர்கள். டிரெய்லரை இழுத்த பிக்கப் லாரியை ஓட்டியவள் மிஸ் ஒவெட்டா. ஆலையில் இருபத்தொன்பது வருடமாகக் கோழி நறுக்குகிறவள்.

"இன்னும் எத்தன சுத்துடா? ஒரு மணிக்குக் கிளம்பினாதான்டா வேனப் பிடிக்க முடியும்!" என்றான் கார்வின்.

"மேயர் வீட்டம்மா இப்பதான் தலை சீவி முடிச்சு வந்திருக்காங்களாம். அவங்களுக்காக இன்னொண்ணு," என்றான் டெல்மர். "அவசரம்னா குதிச்சு ஓடேன். கிதாரோட ஓடு, ஊர்வலம் களைகட்டும்."

கார்வினுக்குப் பொறுக்கவில்லை. பாட்டைப் பாதியில் நிறுத்தி மைக்கைப் பிடித்தான்.

"சும்மா கத்துறீங்களே! இது ஊரைப் புகழுற பாட்டு இல்ல. ஊரை விட்டு ஓடுற பாட்டு. வரிய ஒரு தடவயாவது கேளுங்க." கிதார் இல்லாமல் வெறும் குரலில் சொன்னான்: "ஆலைக் கத்தி பிடிச்சுப் பிடிச்சு அப்பன் கை மரத்துப்போச்சு..."

"அதே கத்தி என் கையில, என் கையும் மரத்துப்போச்சு," என்றது கூட்டம்.

யாரும் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்கள். அவித்த வேர்க்கடலை விற்கிறவர் சொன்னார், தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். அடுத்த வரியும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒரு சொல்கூடத் தவறவில்லை. கார்வினுக்கு வெட்கமாக இருந்தது.

மிஸ் ஒவெட்டா வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். இரண்டு மணிக்கட்டிலும் வலிக்குப் பட்டை கட்டியிருந்தாள்.

"ஏன் தம்பி, எங்களுக்கெல்லாம் காது இல்லன்னு நெனச்சியா? நானும் உன் வயசுல ரெண்டு தடவ பெட்டி கட்டினேன். ரெண்டு தடவயும் நானே பிரிச்சேன். போறதுன்னா போ ராசா, இங்க யாரும் உன்னக் கட்டி வைக்கல. ஆனா பாதியில நிறுத்தாத. வாரத்துக்கு அஞ்சு நிமிஷம், எங்களுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

திட்டியிருந்தால் குதித்திருப்பான். போகாதே என்று கெஞ்சியிருந்தால்கூடக் குதித்திருப்பான். அவர்கள் சும்மா காத்துக்கொண்டு நின்றார்கள். டெல்மர் அவன் முகத்தைப் பார்க்காமல் குச்சிகளைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்துத்தான் கார்வின் தந்தியில் கை வைத்தான். பாட்டு முடிந்ததும் "இன்னொரு தடவ" என்று ஒரு கிழவர் கேட்டார். ஒரு தடவைதானே என்று வாசித்தான். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, அவனே ஆரம்பித்தான்.

கோர்ட்டு மணி ஒன்று அடித்தது. டிரெய்லர் மறுபடி நகர்ந்தது. 'இந்த ஊரில் சாக மாட்டேன்' என்று ஊரே கத்தியது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் கார்வின்தான்.