தயிர் தாங்கும் தூரம்

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கிடர்பூரில் ஒரு கடையில் வாங்கி, டாக்ஸியில் என் பக்கத்தில் உட்காரவைத்து, பெஹாலா வரைக்கும் ஒரு கையால் அணைத்துக்கொண்டே வந்தேன். வேறொன்றுமில்லை, காரில் வைத்துக்கொள்ளும் குட்டி ஃப்ரிட்ஜ். சின்ன சூட்கேஸ் அளவுதான் இருக்கும். மேலே மூடி, இரண்டு பக்கமும் கைப்பிடி, முன்னால் உள்ளே எவ்வளவு குளிர் என்று காட்டும் நீல எண். வீட்டு பிளக்கிலும் ஓடும், காரில் சிகரெட் லைட்டர் செருகும் ஓட்டையிலும் ஓடும்.

ஒரு ஃப்ரிட்ஜுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரோடு குடித்தனம் பண்ணிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

வைத்தீஸ்வரன் தங்கமான மனிதர். இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலதிகாரி, குரலை உயர்த்திப் பேசமாட்டார், என் சம்பளத்தில் மூக்கை நுழைக்கமாட்டார். ஆனால் இரண்டு வேளையும் சாப்பாட்டின் முடிவில் வீட்டில் உறைந்த தயிர் வேண்டும். கடைத் தயிரைத் தொடமாட்டார். கல்யாணமான புதிதில் சாந்திநிகேதன் போகும் வழியில் ஒரு ஹோட்டலில் தயிர் கேட்டு, வந்ததைப் பார்க்காமல் சாதத்தில் பிசைந்துவிட்டார். வங்காளத்தில் தயிர் என்றால் பல இடங்களில் சர்க்கரை போட்ட சிவப்புத் தயிர்தானே வரும்! அந்தத் தித்திப்பும் சாதமும் நாக்கில் பட்டபோது அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அதோடு வெளித் தயிருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டார்.

ஆகவே எங்கள் பயணங்கள் எல்லாமே காலையில் தொடங்கி இருட்டுவதற்குள் முடிந்துவிடும். தூக்கில் கொண்டு போகிற தயிர் மத்தியானம் புளிக்கத் தொடங்கும், உடனே இவர் கார் சாவியைத் தேடத் தொடங்குவார். இரவு தங்கியதெல்லாம் சொந்தக்காரர் வீடுகளில் மட்டும்தான். "நம்ம ஃபேமிலில எல்லா டிரிப்புக்கும் எக்ஸ்பைரி டேட் அப்பாவோட தயிர்தான்" என்பாள் என் பெண் மதுவந்தி. பவானிபூரில் காலேஜில் படிக்கிறாள், வாய் ஜாஸ்தி.

எனக்கு ஒரே ஒரு ஆசை. ஆற்றங்கரையில் கூடாரத்தில் ஒரு ராத்திரி படுத்துத் தூங்கி, அங்கேயே எழுந்திருக்க வேண்டும். பெரிய ஆசை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதற்காக நான் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும்.

ஜனவரியில் திங்கட்கிழமையோடு சேர்ந்து லீவு வந்தது. டயமண்ட் ஹார்பர் பக்கம் ஹூக்ளிக் கரையில் கூடாரம் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று மதுவந்தி கண்டுபிடித்தாள். சனிக்கிழமை காலை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. இவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், மூடியைத் திறந்து மூடினார், கடைசியில் சொன்னார்:

"தயிர் நாளை மறுநாள் மத்யானம் வரைக்கும் நன்னா இருந்தா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை."

அவ்வளவுதான், எனக்கு இறக்கை முளைத்துவிட்டது! வெள்ளிக்கிழமை ராத்திரி பெட்டியைச் சமையலறையில் செருகி, நீல எண் நாலுக்கு இறங்கும் வரை எதிரிலேயே நின்றேன். இட்லி மாவு, கொத்தமல்லிச் சட்னி, கொய்யாப்பழம், மதுவந்தியின் கோல்டு காபி பாட்டில் எல்லாம் உள்ளே போயின. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, வீட்டில் இருந்த கடைசிக் கரண்டித் தயிரை உறை ஊற்றி, எவர்சில்வர் டப்பாவை இறுக மூடி நடுநாயகமாக வைத்தேன்.

காலையில் பனி விலகுவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். டயமண்ட் ஹார்பர் ரோடில் லாரிகளுக்கு நடுவில் நாங்கள் ஊர்ந்தபோதுகூட எனக்குப் பாட்டு வந்தது. பெட்டி டிக்கியில். அதன் ஒயர் பின் சீட்டைத் தாண்டி முன்னால் வந்திருந்தது. அம்தலாவில் டீ குடிக்க நிறுத்தி இவர் இன்ஜினை அணைத்ததும் பெட்டியும் அணைந்துபோனது. நான் உடனே கேட்டேன்:

"ஓடவிட்டுட்டே டீ குடிக்கப்படாதா?"

"பெட்ரோல் என்ன ஆத்துல வர்றதா? மூடியைத் திறக்காம இரு, ஒண்ணும் ஆகாது."

அவர் இரண்டாவது டீ வாங்கினார், நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் திரும்பி வந்து கார் கிளம்பியதும் எண்ணைப் பார்த்தால் நாலு ஐந்தாகியிருந்தது, அவ்வளவுதான். கரண்ட் இல்லாவிட்டாலும் பெட்டி பிடித்த பிடியை விடவில்லை. எனக்கு அதை முத்தமிடலாம் போல இருந்தது.

ஆற்றைப் பார்த்ததும் நாங்கள் மூன்று பேரும் இறங்கி நேரே கரைக்கு நடந்தோம். அக்கரை தெரியாத அகலம். கரையேறி நாலு கூடாரங்கள், எங்களுடையது ஓரத்தில், பச்சை நிறம். நான் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தேன், வெளியே வந்தேன், மறுபடி போய்ப் படுத்தேன். "மா, ஸ்கூல் பிக்னிக் வந்த பாப்பா மாதிரி பண்றே" என்று மதுவந்தி போட்டோ எடுத்தாள். எடுக்கட்டும்!

மத்தியானம் எலுமிச்சம்பழ சாதமும் உருளைக்கிழங்கு கறியும் சாப்பிட்டோம். கடைசியில் இவர் வெறும் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து டப்பாவைத் தானே எடுத்து, மூடியைத் திறந்தார்.

"ஜலஜா, இது என்ன, பால்னா இருக்கு?"

டப்பாவைச் சாய்த்தார். வெள்ளையாகத் தளும்பியது.

 என்ன நடந்தது என்று புரிந்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது. பாலுக்கு உறை ஊற்றினால் ராத்திரி முழுக்க மேடையில் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும், உறைந்த பிறகுதான் ஃப்ரிட்ஜ். குழந்தைக்குக்கூடத் தெரியும். நானோ புதுப் பெட்டி மயக்கத்தில் ஊற்றின கையோடு குளிரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நாலு டிகிரியில் எந்தப் பால் உறையும்?

இவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். சாதத்தில் தண்ணீர் விட்டு உப்புப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கையலம்பி வந்து, மிகவும் சாந்தமாகச் சொன்னார்:

"மூணரைக்குக் கிளம்பிடலாம். எனக்கு இருட்டினப்புறம் அந்த ரோடுல ஓட்ட முடியாது. ராத்திரியும் மோர் இல்லேன்னா எனக்கு ஒத்துக்காது, உனக்கே தெரியும்."

"தூர், போப்பா! தயிருக்காகவா?" மதுவந்தி கத்தினாள்.

கூடாரங்களைப் பார்த்துக்கொள்ளும் நிமாய் சத்தம் கேட்டு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தொய் ஆச்சே, தாதா!", தயிர் இருக்கிறது அண்ணா, என்று சொல்லிப் போய், மண்சட்டியில் சிவப்பாக, தித்திப்பு வாசனையோடு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். இவர் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். மதுவந்தி அதை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஆற்றையும் பச்சைக் கூடாரத்தையும் பார்த்தேன். விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் விட்டுக்கொடுத்தது போதும்.

பெட்டியிலிருந்த சாமான்களையெல்லாம் மரத்தடி மேஜைமேல் எடுத்து வைத்தேன். ஜனவரிதானே, ஒன்றும் கெட்டுப்போகாது. ஒயரைப் பிடுங்கி, பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்து, உள்ளே வெயில் படும்படி திறந்து வைத்தேன். நிமாயிடம் அடுப்புக் கேட்டு வாங்கி, உறை ஊற்றியிருந்த அந்தப் பாலையே கிண்டிக்கொண்டு சூடாக்கி, விரல் பொறுக்கும் பதத்தில் இறக்கினேன்.

"மா, கீ கொர்ச்சோ? என்ன பண்றே?" மதுவந்தி வாயில் சிவப்புத் தயிர்.

"குளிரை வெளியில விடாத பெட்டி சூட்டை மட்டும் விட்டுடுமா? உன் சால்வையைக் கழட்டிக் கொடு."

டப்பாவைச் சால்வையில் சுற்றி உள்ளே இறக்கி, இரண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில் வைத்து, மூடியை அழுத்தினேன். ஆற்றுக் காற்று ஊசியாகக் குத்துகிற இடத்தில் வெளியே வைத்தால் நாளை வரை உறையாது. பெட்டிக்குள் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தயாராகிவிடும்.  பெட்டியைத் திரும்ப டிக்கியில் ஏற்றி, அங்கேதான் காற்று இல்லை என்று, கதவையும் சாத்தினேன்.

இவர் ஆற்றோரம் நடந்துவிட்டுத் திரும்பியவர் நேரே காரில் போய் உட்கார்ந்தார்.

"கிளம்பலாமா?"

"பால் உறைஞ்சிண்டிருக்கு" என்றேன்.

"எங்கே?"

"டிக்கில, பெட்டிக்குள்ள. இப்பத்தான் வெதுவெதுப்பா மூடி வெச்சேன்."

"சரி, வழியில உறையட்டும். வீட்டுக்குப் போறச்சே தயாரா இருக்கும்."

சொல்லிவிட்டுச் சாவியைச் செருகினார். செருகியவர் திருப்பவில்லை.

எங்கள் வீட்டில் உறை ஊற்றிய பாத்திரத்தை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். மேடையைத் துடைக்கிற வேலைக்காரியிடம்கூட, "அதை அசைக்காதே, தண்ணி விட்டுக்கும்" என்று ஆபீஸ் போகும் அவசரத்திலும் நின்று சொல்லிவிட்டுப் போகிறவர். அம்தலாவிலிருந்து பெஹாலா வரைக்கும் உள்ள ஒவ்வொரு பள்ளமும் இப்போது அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். வீட்டிலோ ஒரு சொட்டுத் தயிர் கிடையாது, உறைக்குக்கூட இல்லை. இருந்ததெல்லாம் அந்த டப்பாவுக்குள் இருக்கிறது.

  மதுவந்தி என் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"எத்தனை மணிக்கு உறையும்?" என்றார்.

"எட்டு ஆகும்."

"அதுக்குள்ள நன்னா இருட்டிடும்."

"ஆமா, இருட்டிடும்."

அவர் கார் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சாவியை மெதுவாக வெளியே எடுத்தார். கார்க் கதவைக்கூட ஓசைப்படாமல் சாத்தினார். பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் பந்தோடு கார்ப் பக்கம் வந்தபோது, "இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் போய் விளையாடுங்கோ" என்று தமிழிலேயே விரட்டினார். மதுவந்தி "அப்பா!" என்று புல்லில் விழுந்து சிரித்தாள்.

சூரியன் ஆற்றில் இறங்கியது. நாங்கள் மூவரும் தார்ப்பாயில் உட்கார்ந்து பார்த்தோம். படகுகள் விளக்கோடு போயின. இப்படி ஒரு சாயங்காலத்தில் வீட்டுக்குத் திரும்பாமல் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட சுகம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சாப்பிடும் நேரம் வந்ததும் அவரே டார்ச்சோடு முன்னால் நடந்தார். டிக்கியைத் திறந்து, பெட்டியைத் திறந்து, சால்வையைப் பிரித்தேன். டப்பாவின் மூடியை எடுத்தபோது மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அவர் லேசாகச் சாய்த்தார். அசையவில்லை. கெட்டித் தயிர், கரண்டி போட்டால் வெட்டி எடுக்கிற மாதிரி.

"ஹுர்ரே!" என்று நான்தான் கத்தினேன். என் வயதுக்கு அது அழகில்லை, ஆனால் கத்தினேன்.

அவர் சாதம் பிசைந்து, ரசித்துச் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார். மீதியை வழித்து மதுவந்தியின் தட்டில் போடப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வை."

"எதுக்கு? நாளைக்குத்தான் கிளம்பப் போறோமே."

"நிமாய்கிட்ட கார்த்தால அரை லிட்டர் பால் கேட்டிருக்கேன்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "திங்கக்கிழமையும் லீவுதானே."