ஆரன்காரம்மாவுக்கு ஓலை வாசித்த கதை

மிக்கேலம்மாளுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கப் போகிறார்களாம் என்ற பேச்சு அரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. விடிந்ததும் முதல் ஆளாக வந்து நின்றவள் எதிர்வீட்டுக் கண்ணம்மாள். இடுப்பில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி.

"நேத்துலருந்து கழிச்சலுக்கா. ஒரு ஊசி போட்டு வுடுங்க."

"அடி கூறுகெட்டவளே, நான் பாட்டு டாக்டருடி. ஊசி போடற டாக்டரு இல்ல."

"பாட்டுக்கு எதுக்குக்கா டாக்டரு? பாட்டுக்குக் காய்ச்சலா வரப்போவுது?"

மிக்கேலம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். ஆட்டுக்கு ஓமத்தண்ணி ஊற்றச் சொல்லி அனுப்பினாள். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்த மகன் சின்னப்பராஜ் சிரிக்கவே இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

சின்னப்பராஜ் பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவன். ஏழு வருடமாகச் செய்கிறான். "எப்ப முடியும்?" என்று யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவான். இப்போது அதே பல்கலைக்கழகம் அவன் அம்மாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரலாமா என்று யோசிக்கிறது. விசாரித்து வரப் புறப்பட்டிருப்பவரும் வேறு யாருமில்லை, அவனுடைய பேராசிரியர் ஜானகியம்மாளேதான். பையனுக்கு இட்லி எப்படி இறங்கும், சொல்லுங்கள்.

"வேணாம்னு சொல்லிடும்மா" என்றான்.

"ஏன்டா வேணாம்?"

"எனக்கு முன்னாடி நீ டாக்டர் ஆயிட்டா நான் அங்க தல காட்ட முடியுமா? பசங்க ஓட்டியே கொன்னுடுவானுங்க."

"அதுக்கு நான் என்னடா பண்ணட்டும்? எனக்கு ஆசயா இருக்குது. ஏன், நான் ஆசப்படக் கூடாதா?"

ஆசைதான். அதை அவள் ஒளித்து வைக்கவும் இல்லை. பட்டம் வாங்கும்போது உடுத்த அரக்குச் சேலை ஒன்றை எடுத்து, தெருவில் பாதிப் பேரிடம் காட்டியும் ஆகிவிட்டது. அடக்கம் என்பதெல்லாம் அவளுக்கு ஒத்துவராத சரக்கு.

நாற்பத்தைந்து வயது வரைக்கும் அவள் பாடி ஊரில் யாரும் கேட்டதில்லை. மாதா கோயிலில் பூசைப் பாட்டுக்குக்கூட உதட்டை மட்டும் அசைப்பாள். சித்தேரி மலையில் புளியும் சாமையும் வாங்கிவந்து அரூர்ச் சந்தையில் விற்பது அவள் பிழைப்பு. அப்படி ஒரு மழை நாளில் மலையிலிருந்து இறங்கும்போது பஸ்ஸின் ஆரன் செத்துப்போனது. நாலடிக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாத மூடுபனி. ஆரன் இல்லாமல் ஒரு வளைவுகூட இறக்க மாட்டேன் என்று டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். கண்டக்டர் குப்புராஜ் ஆண்களையெல்லாம் ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூச்சல் போடச் சொன்னார். ரெண்டே வளைவு. அத்தனை பேருக்கும் தொண்டை கட்டி, இருமல்தான் மிச்சம்.

மிக்கேலம்மாளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. வீட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை. "தள்ளுங்கய்யா, பெரிய ஆம்பளைங்க" என்று ஜன்னலில் தலையை நீட்டி எடுத்தாள் பாருங்கள்:

"ஒதுங்கு சாமி ஒதுங்கு, ஓரமாத்தான் ஒதுங்கு!
புளிமூட்ட வருது பாரு, பொழச்சுக் கெடக்க ஒதுங்கு!"

கீழே வெகுதூரத்தில் மலையேறி வந்த ஒரு லாரி ஒதுங்கி நின்றேவிட்டது. பக்கத்தில் போனதும் லாரிக்காரர் தலையை நீட்டி, "எந்தக் கோயில்ல மைக் செட்டு கட்டியிருக்காங்க?" என்று கேட்டார்.

அதோடு குப்புராஜ் அவளை விடவில்லை. முதலில் தன் ஊர் மாரியம்மன் பண்டிகை மேடையில் ஏற்றினார். பிறகு மாதா கோயில் தேர், அப்புறம் ரேடியோ, அப்புறம் கேசட். அதியமான்கோட்டை ரோட்டோர டீக்கடைகளில் லாரிக்காரர்கள் கேட்டு வாங்கிப் போடவைக்கிற அளவுக்கு அந்தக் கேசட் ஓடியது. மலை, காடு, மழை, சந்தைச் சண்டை என்று அவளே கட்டிய பாட்டுகள். ஊர் அவளுக்கு வைத்த பேர் ஆரன்காரம்மா. அவளுக்கு அதில் பெருமைதான்.

ஜானகியம்மாள் பங்குச்சாமியாருக்குத்தான் தகவல் சொல்லியிருந்தார். இன்ன தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இந்த அம்மாளுக்குப் பட்டம் தருவதில் ஊராருக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டு வையுங்கள் என்று. சாமியார் புதுசு. ஆட்சேபணை கேட்பதென்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து, தடை உண்டா என்று ஊரைக் கேட்பது. வாசித்துவிட்டார்.

"மதலைமுத்துவின் மனைவி மிக்கேலம்மாள் டாக்டர் பட்டம் பெற விரும்புகிறார். இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதல் ஓலை."

கோயிலே குலுங்கிச் சிரித்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மதலைமுத்து, "ஏஞ்சாமி, நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கறப்பவே என் பொஞ்சாதிக்கு ஓலயா?" என்று கேட்க, சாமியாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு ரெண்டாம் ஓலை. ஒரு தடையும் வரவில்லை.

மூன்றாம் ஓலைக்கு ஜானகியம்மாள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மிக்கேலம்மாள் அரக்குச் சேலையில் வந்திருந்தாள். சாமியார் வாசித்து முடித்து வேதாகமத்தைக் கையில் எடுக்கப்போனார்.

"தடை இருக்குதுங்க, சாமி."

எழுந்து நின்றவன் சின்னப்பராஜ்.

மிக்கேலம்மாளுக்கு மண்டையில் யாரோ அம்மிக்கல்லைப் போட்டது போலிருந்தது. பெற்ற மகன், அதுவும் கோயிலில், ஊர் முன்னால்! பூசை முடிகிறவரை அவள் ஒரு ஜெபமும் சொல்லவில்லை. அவனை என்ன செய்யலாம் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் எல்லாரும் கூடினார்கள். "தடையைச் சொல்லுப்பா. உன் மனசில் இருக்கிறதை அப்படியே சொல்லு" என்றார் ஜானகியம்மாள்.

"எங்கம்மா நல்லாப் பாடுவாங்க. இல்லைன்னு சொல்லலைங்க மேடம். ஆனா டாக்டர் பட்டம்னா ஒரு உழைப்பு வேணாமா? யார்கிட்டயும் கத்துக்கல. நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. ஏழு வருசப் பாட்டுக்கு டாக்டர்னா, ஏழு வருசமா நான் கண்ணு முழிச்சுப் படிக்கறதுக்கு என்னங்க அர்த்தம்?"

மிக்கேலம்மாளுக்குக் கோபம் பொங்கியது. அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே, பையன் கேட்பதும் சரிதானோ என்று ஒரு பயமும் வந்தது. அந்தப் பயம்தான் அவளை ரொம்ப வதைத்தது.

"கேள்வி நியாயமானதுதான்" என்றார் ஜானகியம்மாள். "அம்மா, நீங்களே சொல்லுங்க. இவ்வளவு நல்ல குரலை வச்சிக்கிட்டு நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஏன் பாடலை?"

மிக்கேலம்மாள் விருட்டென்று எழுந்தாள்.

"இதோ நிக்கறானே, இவனாலதாங்க! பொறந்தப்ப தூளியில போட்டு நான் வாயத் தொறக்கக் கூடாது, ஓன்னு அழுவான். வேற யாரு பாடுனாலும் கம்முனு தூங்குவான். நான் பாடுனா மட்டும் அழுவாச்சி. என் மாமியாரு, 'புள்ள பயப்படுது, ஒங்கொரலு பேயோட்டற கொரலு, மூடுடி வாய'ன்னாங்க. இவிங்கப்பாவும், 'நிறுத்து புள்ள, பையன் அழுவறான்'ன்னாரு. பெத்த புள்ளைக்கே புடிக்காத கொரலு யாருக்குங்க புடிக்கும்? அன்னைக்கு மூடுன வாயிங்க. ஆரன் போனப்பகூட, எப்படியும் பயமுறுத்தத்தானே வேணும், நம்ம கொரலு அதுக்கு ஆவும்னுதான் பாடுனேன். இப்ப அவனே வந்து வாயத் தொறக்கலன்னு கேக்கறான்!"

சின்னப்பராஜ் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். இந்தக் கதை அவனுக்குத் தெரியாது.

"என்ன பாட்டும்மா அது?" என்று ஜானகியம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"தாலாட்டுதான். நானே கட்டுனது. ஒருநாளும் கடசி அடி வரைக்கும் பாட வுட்டதில்ல இந்தப் பய."

"இப்பப் பாடுங்க. கேட்போம்."

கோபத்தோடுதான் ஆரம்பித்தாள். முதல் அடி சண்டைக்கு இழுப்பது போல வந்தது. போகப்போகக் குரல் தானாக இறங்கி, தூளிக்குப் பக்கத்தில் நிற்கும் குரலாக ஆகிவிட்டது.

"சாம அறுத்த கையி சருகாக் காஞ்சாலும்
ராசா ஒன்னத் தொட்டா ரோசாப்பூ ஆகுமடா..."

ரெண்டாம் முறை அந்த அடியை எடுக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. சின்னப்பராஜ் பெஞ்சில் உட்கார்ந்து முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். தோள் ரெண்டும் குலுங்கின. இருபத்தொன்பது வயது ஆம்பிளை, மீசையும் கண்ணாடியுமாக, ஊர் முன்னால் ஓவென்று அழுதான். அவளுக்குத் தெரியாத அழுகையா அது? தூளியில் கிடந்து அழுத அதே அழுகை, அதே இழுப்பு. இது பயந்த பிள்ளையின் அழுகை இல்லை என்பது இப்போது குருடனுக்கும் தெரியும். அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லையே என்று அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சந்தோஷமும் தாங்கவில்லை.

மதலைமுத்து பழக்க தோஷத்தில் பாதி எழுந்துவிட்டார். "நிறுத்து புள்ள, பையன் அழு..." என்று ஆரம்பித்தவர், எல்லாரும் திரும்பிப் பார்க்கவும் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சின்னப்பராஜ், தடை இன்னும் இருக்கா?" என்று ஜானகியம்மாள் கேட்டார். அவர் கண்ணாடியும் ஈரமாகத்தான் இருந்தது.

இல்லை என்று தலையை ஆட்டினான். பாடு, பாடு என்று அம்மாவைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தான்.

"சாமி, தடை நீங்கிடுச்சுன்னு எழுதிக்குங்க. நானும் அப்படியே போய்ச் சொல்லிடறேன்" என்றார் ஜானகியம்மாள்.

மிக்கேலம்மாள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அரக்குச் சேலை முந்தானையால் மகன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுவுடா கண்ணு, நல்லா அழுவு. இந்தத் தடவ நான் நிறுத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடியை எடுத்தாள்.