நான்காவது வரி

...மேலே மூன்று வரிகள், அப்புறம் அந்த நான்காவது, ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய நிவாரண நோட்டீஸ், அன்றைக்கு வாசிக்கையில் எனக்கு எங்கே மூச்சு வாங்கியது என்று யோசித்தபடி வேளாண்மை அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் வெள்ள நிவாரண விண்ணப்பம், பக்கத்தில் கொழுந்தன், பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக... எல்லாம் நிரப்பியாயிற்று, ஒரு கட்டம்தான் பாக்கி: ஆய்வுக்கு முன் பயிரை அழித்ததற்குக் காரணம். என்ன காரணம்? நாற்றம். தண்ணீர் வடிந்த பிறகு ஒன்பது நாள் மக்காச்சோளம் நின்ற இடத்திலேயே அழுகியது, ஜன்னலைச் சாத்தினாலும் தலையணைக்குள் வந்து படுத்துக்கொள்ளும் நாற்றம், உழுது தள்ளுங்களேன், கண்ணில் படாமல் தொலையட்டும் என்று நான்தான் என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். ஈரம் காயட்டுமே என்றார். எத்தனை முறை சொன்னார், இரண்டா, மூன்றா? பிறகு டிராக்டரை வயலில் இறக்கினார், வரப்போரம் சக்கரம் சறுக்கி, அது அவர்மேலேயே கவிழ்ந்து... அதை எழுத இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

"அண்ணி, அண்ணனுக்கு விவரம் தெரியல, அவசரப்பட்டு உழுதுட்டாருன்னு போடுங்க" என்றான் கொழுந்தன், குரலைத் தாழ்த்தி. "அவரை இனிமே யாரு கூப்பிட்டு விசாரிக்கப் போறாங்க." மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் நல்ல பெண்தான், ஒரு வரி எழுதினால் போதும், மேலே நான் சிபாரிசு செய்கிறேன் என்றாள். இந்தப் பணம் வந்தால்தான் விதை, விதைத்தால்தான் குத்தகை நிலமும் அதிலிருக்கும் வீடும் எங்களுக்கு நிற்கும். எங்கள் வீட்டில் படிப்பு என் இலாகா, அவருக்குக் கையெழுத்து மட்டும் வரும். மருந்து டப்பாவிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை நான் வாசிப்பேன், அவர் கேட்டுவிட்டுக் காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், நம்ம வீட்டு ரேடியோ பொய் சொல்லாது, அடிக்கடி சூடாகிவிடும், அவ்வளவுதான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த நோட்டீஸையும் நான்தான் வாசித்தேன், சமையலறை வாசலில் நின்று. எங்கே விண்ணப்பிப்பது, கடைசித் தேதி, என்னென்ன நகல்கள்... பூட்ஸை மாட்டிக்கொண்டே கேட்டார், "வேற ஏதாவது போட்டிருக்கா?"

"அவ்வளவுதான்" என்றேன்.

ஆய்வு முடியும்வரை பயிரை அப்படியே விட்டுவைக்கவும். அந்த நான்காவது வரியை நான் பார்க்கவில்லை, கண் தாண்டிப் போய்விட்டது, நாற்றத்தில் தலைவலி வேறு, இத்தனை நாளும் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டு... பேனாவை வாங்கி, 'அவருக்குத் தெரியாது' என்று எழுதினேன். பொய்யில்லையே. கொழுந்தன் மூச்சு விட்டான். கீழே, எப்போதும் அவர் கையெழுத்துப் போடும் இடத்தில், என் பெயரின் பாதியில் பேனா நின்றது. அன்றைக்கு வாசித்து முடித்ததும் அவர் வழக்கம்போல் கையை நீட்டினார், நான் நோட்டீஸைத் தரவில்லை, நான்காக மடித்து சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன்... படிக்கத் தெரியாத மனிதரிடமிருந்து அதை எதற்கு மறைத்தேன்?