அவிழ்த்த இரண்டு சீட்டுகள்

பஞ்சு அடைத்த குருவிகளின் காலில் பெயர்ச்சீட்டு கட்டுவது என் வேலை. அருங்காட்சியகத்தில் எங்களுக்கு ஒரே ஒரு விதிதான்: ஒரு சீட்டைக் கட்டி முடிக்காமல் அடுத்ததை அவிழ்க்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்கிறது.

நாணல் குருவியும் வேலிக் குருவியும் ஒரே குடும்பம், ஒரே பேரினம், இனம்தான் வேறு. ஒன்றுக்குத் தொண்டை மஞ்சள், மற்றதற்கு வெள்ளை. மீதியெல்லாம் உரித்து வைத்தாற்போல இருக்கும். வேலிக் குருவி எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும். பாதுகாப்புப் பட்டியலில் அதற்குக் 'கவலையில்லை'. நாணல் குருவிக்கு ஊர்க்கோடிச் சதுப்பை விட்டால் போக்கிடம் இல்லை. அதற்கு 'அழியும் நிலை'. எது மஞ்சள், எது வெள்ளை என்பதற்கு எங்கள் இழுப்பறையில் கிடந்த இரண்டு உடல்கள்தான் ஆதாரம்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, மை மங்கிய சீட்டுகளைப் புதிதாக எழுதினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இரண்டையும் ஒன்றாக அவிழ்த்தேன். எனக்குத் தெரியாதா என்ற திமிர், வேறென்ன!

மறுவாரம், சதுப்பைத் தூர்க்கலாமா என்று பார்க்கப் பறவைக் கணக்கெடுப்பாளர் வந்தார். சதுப்பில் எடுத்த குருவிப் படத்தை இழுப்பறையோடு ஒப்பிட்டார். மஞ்சள் தொண்டை.

"அப்பாடா, வேலிக் குருவிதான் அக்கா. பயந்தே போயிட்டேன்."

சதுப்பைத் தூர்த்தார்கள். அங்கே எழுந்த அடுக்குமாடியில் நாங்களும் குடிபோனோம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பால்கனிக் கொடியருகே 'ட்சிக், ட்சிக்' என்று குருவிக் குரல். எட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. "குழாய் சொட்டுது, அதுக்குப் போய் பயப்படுறியே" என்று என் வீட்டுக்காரர் மூன்று முறை வாஷர் மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. எனக்குப் பயம்தான்.

இன்று கணக்கெடுப்பாளர் மறுபடி வந்தார்.

"விசித்திரமா இருக்கு அக்கா. அழியப்போற வெள்ளைத் தொண்டை வேலிக்கு வேலி உக்காந்திருக்கு. கவலையில்லாத மஞ்சளைத்தான் எங்கேயுமே காணோம்."

இழுப்பறையை இழுத்தேன். 'வேலிக் குருவி' என்ற என் கையெழுத்து தொங்கிய மஞ்சளின் நகங்களில் கருஞ்சேறு காய்ந்திருந்தது. மழை பெய்தால் எங்கள் கீழ்த்தளத்தில் ஊறும் அதே சேறு. மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் பேனாவோடு காத்திருந்தார்.

"சீட்டு மாறியிருக்கு. மாத்திக் கட்டினது நான்தான்."

அவர் படிவத்தைப் புரட்டினார். "வேற சதுப்பு எங்கேயாவது..."

"இருந்தது ஒண்ணுதான். அதுலதான் நான் குடியிருக்கேன்."

நிலை என்ற கட்டத்தில் அவர் 'அற்றுப்போனது' என்று எழுதினார். நான் இரண்டு புதுச் சீட்டுகள் எழுதினேன். ஒன்றைக் கட்டி முடித்த பிறகே மற்றதை அவிழ்த்தேன். நாளைக் காலையில் சத்தம் கேட்கும்போது வாஷரைக் குறை சொல்ல முடியாது.