பாம்பே குதிரை

ராயபுரம் டீக்கடையில் ரெமிஜியஸிடம் அவர் மச்சான் பாஸ்டின் ரேஸ் புத்தகத்தை விரித்து, மும்பையிலிருந்து கிண்டி ரேஸில் ஓட வந்திருந்த ஒரு குதிரையைக் காட்டினான்.

“அங்க அஞ்சாவதா வந்தாலே இங்க ஃபர்ஸ்ட்டு, மாமா. அந்த டிராக் கிளாஸே வேற.”

ரெமிஜியஸுக்கு எதையும் சட்டென்று நம்பும் பழக்கம் கிடையாது. குதிரைக்காரன் பேச்சை நம்புவது அறவே கிடையாது.

“பெரிய எடத்துல ஓடுனது இங்க இன்னாத்துக்கு வருது? கால்ல ஏதோ கோளாறு கீது. மறைச்சு நம்ம தலைல கட்டப் பாக்கறானுங்க.”

பாஸ்டின் டீயை உறிஞ்சியபடி அவரைப் பார்த்தான்.

“நீகூட பாம்பே ஹார்பர்ல பெரிய கிரேன் ஓட்னவன்தான, மாமா? அப்புறம் இன்னாத்துக்கு இங்க குடோன்ல குந்திக்கினு கீற?”

ரெமிஜியஸ் வீங்கிய இடது முட்டியின் மேல் லுங்கியை மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டார்.